ஆச்சி மிதிக்கச் சொன்ன கால்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி டம்ளரை ஒரு கையில் பிடித்தபடியே என் கணவர் மறு கையால் கைபேசியை நீட்டினார். ஸ்டாப்வாட்ச் திறந்திருந்தது. வரிசையாக எண்கள்: 24 விநாடி, 27, 25, 31, 26, 24. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. "என்னது இது, குக்கர் விசில் கணக்கா?" என்றேன். "நீ ராத்திரி உதைச்ச கணக்கு. ரெண்டே காலுலேருந்து மூணு மணி வரைக்கும். அதுக்கு மேல நான் ஹாலுக்குப் போயிட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் நான்தான், ஆனால் எதையும் எண்ணிப் பார்க்கிற புத்தி அவருக்கு. முதலில் கால் கட்டைவிரல் மேலே நிமிருமாம், அப்புறம் கணுக்கால் மடங்குமாம், அப்புறம் முட்டி ஒரு வெட்டு வெட்டுமாம். அரை நிமிஷத்துக்கு ஒருதரம், முறை தவறாமல். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த நேரம் நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். என் தொல்லையெல்லாம் தூக்கம் வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சத்தியம் செய்துகொண்டிருந்தவள் நான்.

அந்தத் தொல்லை என்னவென்று சொல்லத்தான் ஆறு வருஷமாகத் திணறினேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, அப்பாடா என்று காலை நீட்டியதும் ஆரம்பிக்கும். முட்டிக்குள்ளே, கணுக்காலுக்குள்ளே, சில நாள் முழங்கையிலும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேண்டை யாரோ முறுக்கிக்கொண்டே போகிற மாதிரி. காலை விறைப்பாக நீட்டி, பாதத்தை முகத்தைப் பார்க்க மடக்கி, ஒரு இழு இழுத்தால் முறுக்கு அவிழும். பத்து விநாடி சொர்க்கம். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து. எழுந்து நடந்தால் சுத்தமாகக் காணாமல் போய்விடும், படுத்தால் வந்துவிடும். காலையில் எழுந்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். மாடிப்படி ஏறலாம், பஸ்ஸுக்கு ஓடலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். பகலில் டாக்டரிடம் போய், ராத்திரி வருகிற ஒன்றைப் பற்றி, அது இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு பேசுவது பொய் சொல்வதுபோலவே இருக்கும்.

உடம்பை நீட்டி முறிப்பதற்குத் தமிழில் இருக்கிற பேரைப் பாருங்கள்: சோம்பல் முறிப்பது. அதாவது, நீட்டுகிறவள் சோம்பேறி என்பது பேரிலேயே முடிவாகிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று வேறு சொல்லி வளர்த்தார்கள். சின்ன வயதில் சாப்பிடும்போது காலாட்டி எத்தனையோ முறை தொடையில் அடி வாங்கியிருக்கிறேன். அதனாலோ என்னவோ, நாற்பது வயதுக்கு மேலும் யாராவது பார்த்தால் சட்டென்று காலை அடக்கிக்கொள்வேன். அடக்க அடக்க உள்ளே முறுக்கு ஏறும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஊருக்குப் போகிற ராத்திரி பஸ். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் விளக்கை அணைத்துவிடுவார்கள். முன் சீட்டுக்காரர் சாய்ந்து என் முட்டிமேல் படுத்திருப்பார். விக்கிரவாண்டியில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் பரோட்டா சாப்பிடப் போக, நான் மட்டும் பார்க்கிங்கில் லாரிகளுக்கு நடுவே பைத்தியக்காரிபோல மேலும் கீழும் நடப்பேன். ஒருதரம் தாங்கமுடியாமல், ஓடுகிற பஸ்ஸிலேயே நடுவழியில் எழுந்து நின்றுவிட்டேன். "உக்காருங்கம்மா, பிரேக் போட்டா விழுந்துருவீங்க" என்றார் நடத்துனர். "முட்டி வலிங்க" என்றேன். உடனே முகம் மாறிவிட்டது. "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான், பாவம்" என்று முன்னால் தன் சீட்டுப் பக்கம் நிற்க இடம் கொடுத்தார். வலி என்று சொன்னால் உலகம் வழிவிடும் என்று கற்றுக்கொண்டது அங்கேதான். வலி இல்லை என்று எனக்கே உள்ளூரத் தெரிந்தபோதும், அதற்கப்புறம் எங்கேயும் அந்த வார்த்தையைத்தான் பயன்படுத்தினேன். அது எத்தனை வருஷத்தை விழுங்கியது என்பதுதான் இதை எழுதக் காரணம்.

தேய்மானம்

மூட்டு வலி என்று சொல்லிக்கொண்டு நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் எலும்பு டாக்டரிடம் போனால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டு, "லேசா தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர். அந்த வயதில் எந்த முட்டியைப் படம்பிடித்தாலும் லேசான தேய்மானம் கிடைக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கால்சியம் மாத்திரை, வாரம் ஒரு வைட்டமின் டி, தடவ ஒரு ஜெல், தரையில் உட்காராதீர்கள், இந்தியன் டாய்லெட் வேண்டாம், எடையைக் குறையுங்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வலி என்று சொன்னேன், வலிக்கு வைத்தியம் பார்த்தார். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிக் கிடக்கிறதா, வீக்கம் உண்டா என்று கேட்கத்தான் செய்தார். இல்லை என்றேன். அங்கேயே அவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கலாம், வரவில்லை. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் அவரவர் வைத்தியம். எதிர்வீட்டு அம்மா வாய்வு என்று முடிவுகட்டிப் பூண்டுப்பால் கொடுத்தார். முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை சுட்டேன், கசந்தாலும் மொறுமொறுவென்று வந்தது. வேலைக்கு வருகிற அக்கா நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண் கொல்லிமலைக்குப் போய்விட்டு முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்தாள். ஆட்டுக்கால் சூப் மாதிரியே இருக்கும் என்றாள், மிளகு தூக்கலாகப் போட்டதால் அப்படித்தான் இருந்தது. இவற்றில் எதையும் நான் கிண்டல் செய்யவில்லை. ஒத்தடம் கொடுக்கிற கால் மணி நேரம் நிஜமாகவே சுகமாக இருக்கும். எடுத்த ஐந்தாவது நிமிஷம் ரப்பர் பேண்ட் திரும்பி வந்துவிடும், அவ்வளவுதான்.

நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் வேறு. தூக்கம் வரட்டும் என்று சளி மாத்திரை போட ஆரம்பித்தேன். மூக்கொழுகலுக்குப் போட்டால் கண்ணைச் சொருகுமே, அந்த வகை. யாரோ சொன்னார்கள், கடையில் கேட்டால் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள். கண் சொருகியது, கால் சொருகவில்லை. பாதித் தூக்கத்தில், எழுந்து நடக்கவும் தெம்பில்லாமல், காலை மட்டும் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு விடியும்வரை கிடந்த ராத்திரிகள் அவை. மருந்து போட்டும் இப்படி என்றால் போடாவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து இன்னும் ஒழுங்காகப் போட்டேன்.

பட்டாசல்

மே மாதம் ஊரில் அம்மன் கோவில் கொடை. தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். கொடை என்றால் எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் வந்துவிடும். முதல் நாள் ராத்திரி வீட்டில் இருபது பேர். பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஜமுக்காளத்தை விரித்து, அதற்குமேல் பாய் போட்டு, சுவரிலிருந்து சுவர்வரை வரிசையாகப் படுத்திருந்தோம். ஜீரோ வாட் பல்ப், மின்விசிறிச் சத்தம், தலைக்கு வைத்த பிச்சிப்பூ வாடுகிற வாசம். எனக்கு இந்தப் பக்கம் தம்பி மகள், அந்தப் பக்கம் சித்தி. நடுவில் ஒரு முழ அகலத்தில் நான். பதினோரு மணிக்கு முறுக்கு ஆரம்பித்தது. கட்டைவிரலை மட்டும் ஆட்டிச் சமாளித்தேன். பிறகு கணுக்காலைச் சுழற்றினேன். பன்னிரண்டரைக்கு முட்டி தானாக ஒரு உதை விட்டது. தம்பி மகள் சிணுங்கிப் புரண்டு படுத்தாள். இனிமேல் முடியாது என்று எழுந்து, படுத்திருப்பவர்களின் கால் இடுக்குகளில் பார்த்துப் பார்த்துப் பாதம் வைத்து, புறவாசலுக்கு வந்தேன்.

புறவாசலில் துவைகல்லைச் சுற்றி யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். பயந்துவிட்டேன். அத்தைதான். அப்பாவின் தங்கை, அறுபத்தாறு வயது. சேலையை முட்டிவரை தூக்கிச் செருகியிருந்தாள். இரண்டு கெண்டைக்காலிலும் பழைய சேலைக் கரையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டின இடத்துக்குக் கீழே சதை பிதுங்கியிருந்தது நிலா வெளிச்சத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் நிற்கவில்லை. நடந்துகொண்டே, "ஏட்டி, உறங்கலையா?" என்றாள். "முட்டி வலி அத்தை" என்றேன், பழக்கதோஷத்தில். "வலிச்சா படுத்துல்லா கெடக்கணும்? நீ என்ன நடக்கே?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு சுற்று முடித்து என் பக்கத்தில் வந்ததும் குனிந்து என் காலைப் பார்த்தாள். நான் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாது அது. "உளையுதா?" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். கால் உளைச்சல். இப்போது உளைச்சல் என்றால் மனத்துக்கு மட்டும்தான் வருகிறது. நுகர்வோர் நீதிமன்றத்தில் மன உளைச்சலுக்கு நஷ்டஈடுகூடத் தருகிறார்கள். காலுக்கும் கைக்கும் இருந்த சொல்லை மனசு எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் வலி வேறு, உளைச்சல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு. அடிபட்டால் வலிக்கும், வெகுதூரம் நடந்தால் கடுக்கும், வாதம் குடையும். சும்மா கிடக்கும்போது உள்ளே கிடந்து பிசைந்து, ஓரிடத்தில் வைக்கவிடாமல் செய்தால் அது உளையும். நான்கு சொல்லையும் கேட்டு வளர்ந்தவள், சென்னைக்கு வந்து நான்கையும் சேர்த்து வலி என்று ஒரே டப்பாவில் போட்டு மூடியிருக்கிறேன்.

"ஆமா அத்தை, உளையுது" என்றேன். சொன்னதும் ஏனோ தொண்டை அடைத்தது. "எங்கம்மைக்கும் இப்படித்தான் உளையும். அதான் உங்களையெல்லாம் ஏறி மிதிக்கச் சொல்லுவா. மறந்துட்டியோ?" என்றாள் அத்தை.

மறக்கவில்லை. ஆனால் அதை ஒருநாளும் இதோடு சேர்த்துப் பார்த்ததில்லை. ஆச்சி பீடி சுற்றுவாள். காலையிலிருந்து காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுவாள். ஐந்து பேர் இருந்தோம். சின்னது முதலில், கனம் கூடக்கூட வரிசை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆச்சியின் தொடையில் ஏறி, மெதுவாகக் கெண்டைக்காலுக்கு இறங்கி, குதிகால்வரை போய்த் திரும்பி வரவேண்டும். "முட்டிக்குப் பின்னால மிதிக்காத, அங்கன நரம்பு ஓடுது" என்பாள். "இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து." நம் பாதத்துக்கு அடியில் சதை உருண்டு நழுவுகிற உணர்வு இப்போதும் உள்ளங்காலில் இருக்கிறது. சேலையில் புகையிலை நெடி. முடித்தால் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். பத்து நிமிஷத்தில் எங்களுக்குச் சலித்துவிடும், இறங்கி ஓடிவிடுவோம். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் தொப் தொப் என்று ஒரு சத்தம் கேட்கும். ஆச்சி தன் காலைத் தானே முஷ்டியால் குத்திக்கொள்கிற சத்தம். எங்களுக்கு அது தாலாட்டு மாதிரி, கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவோம்.

இன்னொன்றையும் அத்தை அன்றைக்குச் சொன்னாள். குத்தியும் அடங்காவிட்டால் ஆச்சி எழுந்து உட்கார்ந்து, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் மறுபடியும் பீடி சுற்றுவாளாம். சுற்றும்போது உளைச்சல் தெரியாதாம். இது எனக்கும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. "கிழவிக்கு ராத்திரியும் காசாசை" என்று தெருவில் சொல்வார்கள். என் அம்மாவே சொல்லியிருக்கிறாள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு ஜிஎஸ்டி கணக்கு போட உட்கார்ந்தால் கால் அடங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, வேலை அதிகம் என்று வீட்டில் பொய் சொல்லி லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொள்பவள் நான். கவனம் ஒன்றில் முழுதாகப் போனால் உளைச்சல் பின்வாங்கும். எனக்கு அது ஜிஎஸ்டி, ஆச்சிக்குப் பீடி. அவள் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. காசாசை பிடித்தவள் என்ற பேரோடுதான் போனாள்.

நானும் அத்தையும் மூன்று மணிவரை துவைகல்லைச் சுற்றினோம். பேச்சுவாக்கில் அத்தை சொன்னாள்: "வலின்னா அழுதாவது தீக்கலாம்ட்டி. இதுக்கு அழுகையும் வராது, உறக்கமும் வராது." மறுநாள் கொடையில் வில்லுப்பாட்டு. எல்லோரும் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் பந்தல்காலில் சாய்ந்து நின்றபடியே சாமக்கொடை வரைக்கும் கேட்டோம். உட்காரச் சொன்னவர்களிடம் அத்தை, "எங்களுக்கு உளையுது" என்று கூச்சமே இல்லாமல் சொன்னாள்.

பச்சரிசியும் ஒரு சீட்டும்

ஜூனில் இருமலுக்காகத் தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். புதிதாக வந்த டாக்டர், சின்னப் பெண். எழுதப்போகும்போது, "சளி மாத்திரை வேண்டாம் டாக்டர், அதைப் போட்டா கால் ரொம்ப உளையுது" என்றேன். வாய்தவறி வந்ததுதான். பேனாவை வைத்துவிட்டார். "உளையுதுன்னா? வலிக்குதா, அசைக்காம இருக்க முடியலையா?" என்றார். ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அப்புறம் அடுத்தடுத்து: சும்மா இருக்கும்போதுதான் வருகிறதா? நடந்தால் போகிறதா? சாயங்காலத்துக்கு மேல் கூடுகிறதா? கெண்டைக்காலைப் பிடித்து இழுப்பதுபோல, சதை கல்லாகிறதுபோல வருகிறதா, இல்லை வேறு மாதிரியா? வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? கடைசிக் கேள்விக்கு ஆச்சியை மிதித்த கதையிலிருந்து ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். கணவரின் ஸ்டாப்வாட்ச் கணக்கைச் சொன்னதும் சிரித்துவிட்டார். தூக்கத்தில் இருபதிலிருந்து நாற்பது விநாடிக்கு ஒருமுறை கால் வெட்டுவது இதோடு சேர்ந்தே வருவதாம், இது இருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அதுவும் இருக்குமாம்.

அப்புறம்தான் மடக்கினார். "ஐஸ் கட்டி, பச்சரிசி, சாக்பீஸ், இந்த மாதிரி ஏதாவது சாப்பிடத் தோணுமா?" எனக்கு முகம் சிவந்துவிட்டது. அலமாரியில் அரிசி டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பிடி பச்சரிசி வாயில் போட்டுக்கொள்வது பல வருஷப் பழக்கம். கணவருக்குக்கூடத் தெரியாது. பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று அம்மா திட்டுவாள். என் கல்யாணத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது, அதனால் அந்த எச்சரிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இப்படி ஆசை வருவது உண்டு என்றார். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற ஃபெரிட்டினை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார்.

எனக்கு ரத்தம் குறைவில்லை என்று வாதாடினேன். ஹீமோகுளோபின் 12.3, போன வருஷப் பரிசோதனையிலேயே இருக்கிறது. 12க்குக் கீழே போனால்தானே பெண்களுக்கு ரத்தசோகை? அவர் சொன்ன விளக்கத்தை என் தொழில் பாஷையில் புரிந்துகொண்டேன். ஹீமோகுளோபின் என்பது கல்லாவில் இருக்கிற பணம், ஃபெரிட்டின் என்பது வங்கி இருப்பு. இருப்பிலிருந்து எடுத்து எடுத்துக் கல்லாவை நிரப்பிக்கொண்டே இருந்தால், கல்லாவைப் பார்க்கிறவனுக்கு வியாபாரம் ஜோராகத்தான் தெரியும். பரிசோதனைச் சீட்டு வந்தது: ஃபெரிட்டின் 14. பக்கத்தில் அச்சடித்திருந்த இயல்பு அளவு 10லிருந்து ஆரம்பித்ததால் சிவப்புக் குறி எதுவும் இல்லை. நானாக இருந்தால் மடித்து உள்ளே வைத்திருப்பேன். அவர் வட்டம் போட்டார். இந்த உளைச்சல் இருப்பவர்களுக்கு 75க்கு மேலாவது இருக்கவேண்டும் என்று பார்ப்பார்களாம்.

முட்டியில் தெரிகிற தொல்லைக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முட்டியில் ஒன்றுமே இல்லை, விஷயம் மூளையில் என்றார். மூளையில் டோபமைன் தயாராவதற்கு இரும்பு வேண்டும். அசைவை ஒழுங்காக நடத்துகிற ரசாயனங்களில் அது ஒன்று. நாள் முழுக்க ஒரே அளவில் வேலை செய்யாது, பொழுது சாயச் சாய இறங்கும். ஏற்கெனவே தட்டுப்பாடு இருக்கிறவர்களுக்கு அந்த இறக்கம் காலில் வந்து தெரிகிறது. என் சளி மாத்திரை மூளைக்குள் போய்ச் செய்த காரியமும் இதைக் கிளப்பிவிடுவதுதான். மூட்டுக்காக நான் விடாமல் சாப்பிட்ட கால்சியமோ, சோற்றோடு சேர்த்துப் போட்டால் அதில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் ஏறவிடாது. இரண்டையும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். என் ஒழுங்கை நினைத்து நானே தலையில் அடித்துக்கொண்டேன்.

இதன் பேர் ஆங்கிலத்தில் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1672லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார், சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவர்கள் எப்படித் தூங்க முடியாதோ அப்படித்தான் இவர்களும் என்று. அதற்குப் பிறகு எத்தனையோ காலம் இதை நரம்புத் தளர்ச்சி, மனக் கோளாறு என்று தள்ளியிருக்கிறார்கள். 1945இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஆக்செல் எக்போம் என்பவர்தான் ஒழுங்காக எழுதிப் பேர் வைத்தார். இரும்புக்கும் இதற்கும் இருக்கிற தொடர்பு 1950களிலேயே பேசப்பட்டுவிட்டது. சில குடும்பங்களில் வழிவழியாக வரும், கர்ப்பத்தில் கூடும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு நிறைய வரும். வில்லிஸ் எழுதியதைப் படித்தபோது எனக்கு இருட்டில் கேட்ட தொப் தொப் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அது கல்லாவை மட்டும் பார்த்த கணக்கு. என்னைப்போலக் கல்லா நிறைந்து இருப்பு காலியானவர்கள் அதில் சேர மாட்டார்கள். ஆச்சி ஏழு பிள்ளை பெற்றவள், பசிக்குப் பாதி நாள் கடுங்காப்பி குடித்தே ஓட்டியவள். அவள் ரத்தத்தை யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுக்கும் இதுதானா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் சுளகில் தூளை அள்ளுவதற்கு நடுவே, பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஊறவைத்த அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள்.

ஒன்றரை மணி

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு இரும்பு மாத்திரை. தினமும் போடுவதைவிட அப்படிப் போட்டால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும் என்றார். காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காப்பி கிடையாது. மாத்திரையைவிட எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கசந்தது. வெளிக்குக் கறுப்பாகப் போகும், மலச்சிக்கல் வரும், இரண்டும் வந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் நேராக மருந்துக்கடைக்குப் போய் இரும்பு வாங்கவேண்டாம், கூடிப்போன இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது, பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால்தான் இந்தப் பேச்சு.

மாயம் எதுவும் நடக்கவில்லை. முதல் மாதம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, சளி மாத்திரையை விட்டதில் மட்டும் கொஞ்சம் தேவலை. மூன்றாம் மாதம் ஃபெரிட்டின் 41. அந்த வாரத்தில் ஒருநாள் கணவர், "நேத்து நான் ஹாலுக்குப் போகலை, கவனிச்சியா?" என்றார். இப்போது 63. தினமும் வந்தது வாரம் இரண்டு நாளாகியிருக்கிறது. வருகிற நாளில் மல்லுக்கட்டுவதில்லை. எழுந்து வெறுங்காலில் சமையலறைத் தரையில் நிற்பேன், அந்தக் குளிர்ச்சி உள்ளங்கால் வழியாக ஏறுவது சுகம். சுவரில் கையை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகாலை அழுத்திக் கெண்டைக்காலை நீட்டுவேன், முப்பது எண்ணும்வரை. அடங்காவிட்டால் துணி இஸ்திரி போடுவேன். நடுராத்திரியில் போட்ட சட்டைதான் அலுவலகத்துக்குப் போட்டுப் போவதில் மடிப்பு நன்றாக விழுந்த சட்டை என்கிறார் கணவர். பச்சரிசி ஆசை எப்போது போனது என்று தெரியவில்லை. ஒருநாள் டப்பாவைத் திறந்து மூடிய பிறகுதான் கவனித்தேன்.

அத்தைக்கும் எடுத்துப் பார்த்தோம். பிடிவாதம் பிடித்துத்தான் வந்தாள். அவளுக்கு ஃபெரிட்டின் 130. சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக இருப்பதால் அதில் வருகிற நரம்பு எரிச்சல் எது, உளைச்சல் எது என்று பிரிப்பதே டாக்டருக்குச் சிரமமாக இருந்தது. சிறுநீரகத்தைப் பார்த்தார்கள், பயப்படும்படி இல்லை. இதற்கென்று இருக்கிற மருந்துகளில் டோபமைனைத் தூண்டுகிற வகை, ஆரம்பத்தில் அருமையாகக் கேட்டுவிட்டு வருஷக்கணக்கில் போட்டால் தொல்லையை அதிகமாக்கிவிடும் என்பதால் இப்போது முதலில் அதைக் கொடுக்கத் தயங்குகிறார்களாம். நரம்புக்குக் கொடுக்கிற வேறொன்றை ராத்திரி ஒருவேளை எழுதிக் கொடுத்தார். "சர்க்கரைக்கு நாலு, பிரஷருக்கு ரெண்டு, இதுக்கும் ஒண்ணா?" என்று அத்தை அதைத் தொடவில்லை. நானும் வற்புறுத்திப் பார்த்துவிட்டு விட்டேன். சேலைக்கரைக் கட்டும் துவைகல்லும் அவளுக்குப் போதும்.

கொடைக்கப்புறம் ஒரு பழக்கம் வந்திருந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்குக் கைபேசி அதிரும். "முழிச்சிருக்கியாட்டி?" என்பாள். நான் இங்கே பால்கனியில் துணிக்கொடிக்குக் கீழே, அவள் அங்கே புறவாசலில். இரண்டு பேரும் நடந்துகொண்டே பேசுவோம். யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கிணறு வற்றியது, ஆச்சி எந்தப் படத்துக்கு யாரோடு போனாள். கேட்டுக்கொண்டே இருந்தால் கால் இருக்கிற நினைப்பே போய்விடும். ஒருநாள், "எங்கம்மைய மிதிச்சதுக்கு உனக்கு எத்தன முட்டாய் தந்திருப்பா?" என்று கேட்டாள். கணக்குப் போட்டோம். ஆயிரத்துக்கு மேல் வந்தது.

போன வாரம் காலையில் எழுந்து பார்த்தேன், கைபேசியில் 1.34க்கு ஒரு தவறிய அழைப்பு. 1.50க்கு இன்னொன்று. பல் தேய்க்கும் முன்பே கூப்பிட்டேன். பின்னால் காகம் கத்துவதும் வாசல் தெளிக்கிற சத்தமும் கேட்டது. "உறங்கிட்டியா?" என்றாள். ஆமா அத்தை, சத்தமே கேட்கலை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி சரி, உறங்கு" என்றாள், விடிந்து மணி ஆறரை ஆகியிருந்தபோது.